சுவரின் உட்பக்கம்

பைபிளில் வரும் எரிகோ நகரத்தின் கதையை நான் முதலில் கற்றுக்கொண்டது கையால்தான். எங்கள் ஜெபவீட்டின் ஞாயிறுப் பள்ளியில் அம்மாதான் டீச்சர். சிமென்ட் தரையில் காலி சாக்பீஸ் பெட்டிகளை வட்டமாக அடுக்கி ஒரு நகரம் கட்டுவோம். வாயைப் பொத்திக்கொண்டு அதைச் சுற்றி நடப்போம். கடைசிச் சுற்றில் அம்மா கையைத் தூக்குவார். எல்லோரும் கத்திக்கொண்டே பெட்டிகளை உதைத்துத் தள்ளுவோம். மற்றவர்களுக்கு உதைப்பது பிடித்தது. எனக்கு அடுக்குவது பிடித்தது. ஒருமுறை, ஊருக்குள்ளே யாருமே இல்லையே, பொம்மை வைக்கலாமா என்று கேட்டேன்.

"பொம்மை வச்சா ஒடஞ்சிரும்டி" என்றார் அம்மா.

பாடம் சுவர் விழுவதோடு முடிந்துவிடும். அந்த அதிகாரத்தில் அதற்குப் பிறகும் வரிகள் இருக்கின்றன என்பதைக் கல்லூரி விடுதியில், கட்டடப் பொறியியல் படிக்கும்போதுதான் கவனித்தேன். சுவர் விழுந்த வழியாக உள்ளே போனவர்கள் ஆண், பெண், சிறியவர், முதியவர் என்று எல்லோரையும் கொன்றார்கள். பிறகு மாடு, ஆடு, கழுதை. வேவு பார்க்க வந்தவர்களை ஒளித்து வைத்த ஒரு பெண்ணின் குடும்பத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். நான் எதற்கும் பட்டியல் போடுகிற ஆள். கழுதை வரைக்கும் யோசித்து எழுதியவர், எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அன்று இரவு மெஸ்ஸில் சாப்பிடப் போகவில்லை.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம். ஆறுதலான அதிகாரமாப் பாத்துப் படி" என்றார். விடுமுறைக்கு வந்தபோது பாஸ்டரிடம் கேட்டேன். அவர் ஊழியத்துக்கு வருவதற்கு முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். யார் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

"சுவர்னா நம்ம பாவம் சிஸ்டர். அது இடியணும். ஆவிக்குரிய அர்த்தத்துல எடுத்துக்கணும்."

"கழுதை, பாஸ்டர்?"

"அதுவும் ஆவிக்குரிய கழுதைதான்" என்று சொல்லி அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சில வருடங்களுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊர் மீமிசலுக்கும் மணமேல்குடிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கிறது. சாலையைப் பார்த்தபடி அத்தையின் வீடு. அதன் பின்னால் ஒரு துண்டு கருவேலங்காடு. அதற்கும் பின்னால் ஜெபவீடு. அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. அவர்கள் கும்பிடுகிற சாமி வேறு. அப்பா அவரைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை, அவர் கணவர் எனக்கு மாமா. பொங்கலுக்கு அங்கிருந்து தூக்குச்சட்டி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கும் அதிரசமும் போகும். ஜெபவீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அத்தையின் வீட்டுப் பக்கவாட்டில் இருந்த மண்பாதை வழியாகத்தான் போவோம். அது யாருடைய பாதை என்று யாரும் கேட்டதில்லை.

மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்துபோய்த்தான் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு அத்தைக்கு எல்லாமே சத்தமாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மைக், உபவாச ஜெபத்து அழுகை, ஜன்னலோரமாக வண்டியை முறுக்கிக்கொண்டு போகிற பையன்கள். கையில் இருந்த பணத்தையெல்லாம் போட்டு நிலத்தைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் எடுத்துவிட்டார். பாதை உள்ளே போய்விட்டது.

ஜெபவீட்டுக்குப் போக மிச்சம் இருந்தது சுவரை ஒட்டிய வாய்க்கால் கரை. ஒற்றையடிப் பாதை, மழை பெய்தால் களிமண். முதல் மாதமே ஜெபவீட்டு ஆள் ஒருவர், மீன் காயப்போடுகிற வேலை பார்க்கும் வயதான அம்மா, அங்கே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அவரை நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, சுவரைச் சுற்றிச் சாலைக்கு வந்தார்கள். அவர் வலியில் கத்தியதை அத்தையும் உள்ளே இருந்து கேட்டிருப்பார். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார்கள். பதில் வரவில்லை. பெரியவர்கள் போய்ப் பேசினார்கள். அத்தை கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பாஸ்டர் எரிகோ ஜெபம் என்று அறிவித்தார்.

எங்கள் மாதிரிச் சபைகளில் இது புதிதில்லை. வீட்டுமனைக்கு, பேங்க் லோனுக்கு, ஆஸ்பத்திரி வார்டுக்குக்கூடச் சுற்றி வருவார்கள். ஆறு நாள் தினம் ஒரு சுற்று, பேசாமல். ஏழாம் நாள் ஏழு சுற்று, பிறகு ஆர்ப்பரிப்பு. பெரும்பாலும் ஒரு கெடுதலும் நடக்காது. லோன் கிடைத்தால் சாட்சி சொல்வார்கள், கிடைக்காவிட்டால் கர்த்தர் இன்னும் காத்திருக்கச் சொன்னார் என்பார்கள்.

எனக்கு இப்போது வேலை புதுக்கோட்டையில். பழைய பள்ளிக் கட்டடங்கள், மண்டபங்கள், தண்ணீர்த் தொட்டிகள் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று பார்த்து அறிக்கை எழுதுகிற சிறிய அலுவலகம். திருக்கோகர்ணத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். போன ஐப்பசி மழையில் சைட் வேலை நின்றுபோனதால் ஊருக்குப் போனேன். சுற்று நடை அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் நானும் அவர்களோடு நடந்தேன். ஏன் என்று கேட்டால், அப்பா கூப்பிட்டார், போனேன். முப்பது நாற்பது பேர் இருக்கும். எல்லோரும் வெறுங்கால். மீன் இறங்குதுறையில் கூடை தூக்குகிற பெண்கள், கொத்தனார்கள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பார்வை இல்லாத தம்பி ஒருவர். யாரும் பேசவில்லை. இருமல் வந்தவர்கூடத் துண்டால் வாயை அடைத்துக்கொண்டார். ஈர மண்ணில் அத்தனை கால்கள் பதிந்து எழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாலையோரமாக, பிறகு தென்னந்தோப்பு ஓரமாக, பிறகு பின்பக்கம்.

பின்பக்கம் வந்ததும் எனக்குக் கால் தயங்கியது. முன்பு அங்கே கருவேல முள்ளும் காற்று கொண்டுவந்து குவித்த மணல் மேடும்தான் இருந்தன. சுவர் பாதி உயரத்துக்கு அந்த மேட்டில் புதைந்திருக்கும். இப்போது முள்ளை வெட்டி, மேட்டை வழித்து, சுவரோடு ஒட்டி நல்ல அகலமான பாதை போட்டிருந்தார்கள்.

நடந்துகொண்டே மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். ஹாலோ பிளாக் சுவர், தலைக்கு மேல் உயரம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அஸ்திவாரம் முழங்கால் ஆழம்தான் போயிருக்கிறது, அதுவும் இப்போது வெளியே தெரிகிறது. உட்பக்கம் மண் மட்டம் மேலே, வெளிப்பக்கம் கீழே. போட்ட பாதை சுவர்ப் பக்கமாகச் சரிந்திருக்கிறது, ஆகவே மழைத் தண்ணீர் அங்கேதான் ஓடும். சுவருக்கு மேலே சிமென்ட் ஷீட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே சுவரோடு சேர்த்து ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறார்கள், அதன் பாரமும் இந்தச் சுவர் மேலேயே. மூலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெடிப்பு, கீழிருந்து படிப்படியாக மேலே ஏறுகிறது. அதில் சுண்டுவிரல் போகும்.

எனக்குப் பின்னால் நடந்த பெண் அந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறுவதற்கு முன் எதை எதைச் சரிபார்க்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்து என்னை வளர்த்தவர்.

"பின்பக்கம் மண்ணை வழிச்சிருக்கீங்க."

"வயசானவுங்க நடக்கணும்ல. மேடும் முள்ளுமாக் கெடந்துச்சு. பசங்களை விட்டு மம்பட்டி போட்டு மட்டம் பண்ணினோம்."

"அந்த மண்ணுதாம்ப்பா சுவரைப் பிடிச்சிருந்துச்சு. இப்ப அஸ்திவாரம் வெளிய கெடக்கு. பெரிய மழை ஒண்ணு வந்தா விழுந்துரும்."

அடுப்பில் தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பி, கரண்டியை உயர்த்தி, "ஸ்தோத்திரம்" என்றார்.

"நான் ஸ்தோத்திரத்துக்குச் சொல்லலம்மா."

"நீ எதுக்குச் சொன்னாலும் சரி. இன்ஜினியர் வாயாலயே வந்துருச்சு."

அப்பா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ இதை வேற யாருகிட்டயும் சொல்ல வேணாம்" என்றார். "சொன்னா, மண்ணை வழிச்சதுனால விழுந்துச்சும்பாங்க. விசுவாசத்துல வந்தவங்களுக்குத் தடுமாத்தமாப் போயிரும்."

"விழுந்தா யாரு மேல விழும்னு யோசிச்சீங்களா?"

"கர்த்தர் பாத்துக்குவாரு."

பத்து நிமிடம் கழித்து, கை கழுவும்போது, "எந்தப் பக்கம் சாயும்?" என்று மெதுவாகக் கேட்டார். சுவர் வெளியே சாயும், நடக்கிறவர்கள் மேல் விழும். ஷீட் உள்ளே விழும், சாய்ப்பில் இருப்பவர் மேல் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாய்ப்பில் யார் இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

பாஸ்டரிடமும் போனேன். அவர் கவனமாகக் கேட்டார். முதியவர்களைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நடக்கச் சொல்வதாக உடனே ஒத்துக்கொண்டார். உள்ளே இருப்பவர்கள்? அவர் பெருமூச்சு விட்டார்.

"நாம சுவருக்காகத்தான் ஜெபிக்கிறோம் சிஸ்டர். மனுசங்களுக்கு விரோதமா இல்ல."

"சுவர்னா நம்ம பாவம்னு சொன்னீங்களே. அப்ப அதைச் சுத்தி வரணும். இதை ஏன் சுத்துறோம்?"

"அந்த அம்மா நாற்காலியில போனதைப் பாத்தீங்களா நீங்க? நான் தூக்கினேன்" என்றார். தோளைத் தொட்டுக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை.

அன்று பகலில் முன்வாசல் வழியாக அத்தை வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தது. அத்தை மெலிந்திருந்தார். "வா ஆத்தா, எப்ப வந்தே" என்று கேட்டவர், வழியை விடாமல் நின்றார். அவருடைய தோளுக்கு மேலாக முற்றத்தின் கடைசியில் இருந்த சாய்ப்பு தெரிந்தது. சுவரோடு ஒட்டி ஒரு கட்டில். அதில் மாமா.

"அத்தை, மாமாவை அந்தச் சாய்ப்புல படுக்க வைக்காதீங்க. பின் சுவரு பலமா இல்ல. விழுந்துரும்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது. "யாரு சொல்லி விட்டா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன். எனக்கு இதுதான் வேலை."

"போன மாசம் பாதையை விடுன்னீங்க. இப்பச் சுவரு விழும்ங்கிறீங்க. அடுத்த மாசம் வீடு விழும்பீங்க."

"மிரட்ட வரல அத்தை."

"தெனம் விடியக்காலம் ஒரு ஊரே வந்து வாயைத் தொறக்காம வீட்டைச் சுத்திட்டுப் போகுது. சண்டை போட்டாக்கூடத் திரும்பி நாலு வார்த்தை வையலாம். நீ வந்து சுவரு விழும்னு சொல்றே. அதை நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

அவர் சொன்னது நியாயம். யாரிடமிருந்து வருகிறேன் என்பது நான் சொல்வதற்கு முன்பே அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. சுற்றி நடந்தவர்களில் நானும் இருந்ததை அவர் மாடியிலிருந்து பார்த்திருக்கக்கூடும். மாமாவுக்கு வீட்டுக்குள் புழுக்கம், மூச்சு முட்டுகிறது, சாய்ப்பில்தான் காற்று வருகிறது, அவரைத் தூக்கித் தூக்கி வைக்க ஆளில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன், "ஒங்க அப்பாகிட்டச் சொல்லு, நான் பயப்படலேன்னு" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்து, தூறலோடு நின்றது. நான் நடக்கப் போகவில்லை. அவர்கள் போன பிறகு போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் இப்போது பெருவிரல் போனது. பாதையில் தண்ணீர் தேங்கி, அஸ்திவாரக் கல்லின் அடியில் சின்ன வளை போட ஆரம்பித்திருந்தது. நிறையக் கால்தடங்கள், எல்லாம் ஒரே திசையில்.

மாலைகளில் அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போனில் கிடைத்ததையும் படித்தேன். இந்தப் படையெடுப்பு இப்படியே நடந்திருக்காது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வெகுகாலம் கழித்து, தங்கள் நகரமும் கோயிலும் எரிந்து, பிள்ளைகள் பிடிபட்டு, அந்நிய தேசத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஒரு சின்ன ஜனம் எழுதிய கதை. ஒருகாலத்தில் நாமும் சுவருக்கு வெளியே நின்று கத்தினோம், சுவர் விழுந்தது என்று தோற்றுப்போனவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொண்டது என்றார்கள். முதல்முறையாக எனக்கு அது பிடிபட்டது. ஜெபவீட்டு ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வாழ்நாளில் அவர்கள் கத்தி எந்தச் சுவரும் அசைந்ததில்லை. கூலி கேட்டுக் கத்தியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கதை எவ்வளவு தேவை என்று தெரிந்தது.

ஆனால் படித்து முடித்த பிறகும் கழுதை அங்கேயே நின்றது. எழுதியவர்களின் துயரம் புரிந்தது என்பதற்காக உள்ளே இருந்தவர்கள் உயிரோடு எழுந்து வரவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பலவீனமானவர்கள் சொல்லிக்கொண்ட கதை, மம்பட்டி வைத்திருக்கிற கைக்கு வரும்போது, சுவருக்குப் பின்னால் இருப்பவர் தன்னைவிடப் பலவீனமா என்று கேட்பதில்லை. எங்கள் சபை முழுவதும் சேர்ந்து, ஒரு மனுஷியின் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் விடியலில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வானம் கடல் பக்கமாகக் கறுத்திருந்தது.

"நான் சுத்த வரல" என்றேன். "அத்தை வீட்டுக்குள்ள இருக்கப் போறேன். மாமா கட்டில்கிட்ட."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு, "கடைசிச் சுத்து முடியறதுக்குள்ள வெளிய வந்துரு. ஆர்ப்பரிக்கிறதுக்கு முன்னாடி" என்றார்.

"அப்ப விழும்னு நம்புறீங்க."

"நம்பித்தானே நடக்கிறேன்."

"நான் வெளிய வந்துட்டா, உள்ள இருக்கிறவரு?"

அப்பா படியிறங்கிப் போய்விட்டார்.

அத்தை என்னை உள்ளே விட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியாது. நான், "சாய்ப்புல கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன் அத்தை, வேற ஒண்ணும் பேசல" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "உக்காரு. ஒன் மேலயும் விழுகட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மாமா விழித்திருந்தார். இடது கண் பாதிதான் திறந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரில் சாயாமல், தரையில் உட்கார்ந்தேன். வெடிப்பின் உட்பக்கம் அங்கே இருந்தது. அதன் வழியாக ஒரு கோடு வெளிச்சம் போர்வையின் மேல் விழுந்திருந்தது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கால்கள். வெளியே நடந்தபோது அது மெல்லிய சத்தமாக இருந்தது. உள்ளே அது தரை வழியாக வந்தது. கட்டிலின் கால் லேசாக அதிர்ந்தது. போர்வையின் மேல் இருந்த வெளிச்சக் கோடு, ஒவ்வொருவராகக் கடக்கும்போது, அணைந்து அணைந்து எரிந்தது. யாரும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த மனிதர்கள், அம்மா உட்பட, எங்களுக்கு ஒரு கை தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் சுற்றி வந்தார்கள். மறுபடியும்.

மாமா வாயைக் கோணி, "யாரு?" என்றார். வார்த்தை எச்சிலோடு வந்தது.

"எங்க ஆளுங்கதான் மாமா."

கால்கள் கடந்து போகும்வரை காத்திருந்தார். "எதுக்கு?"

அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரமாக அவர் அந்தக் கட்டிலில் படுத்தபடி இதைக் கேட்டிருக்கிறார்.

"சுவரு விழணும்னு வேண்டிக்கிறாங்க மாமா."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றை எடுத்துச் சொல்வதுபோல, "நா இருக்கேன்ல" என்றார்.

அடுப்படி வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியாது. வந்து குனிந்து, என் கண் மட்டத்திலிருந்து வெடிப்பைப் பார்த்தார். அதன் வழியாக வேட்டிகள், சேலை முந்தானைகள் போவது தெரிந்தது. "இது நேத்து இவ்வளவு இல்ல" என்றார். "நீ ஏன் சுவருல சாயாம உக்காந்திருக்கே?"

"பயமா இருக்கு அத்தை."

அவர் நிமிர்ந்தார். மாமாவுக்கு அடியில் இருந்த போர்வையின் இரண்டு முனைகளைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, மற்ற இரண்டை எனக்குக் காட்டினார். மாமா ஒல்லியாக இருந்தாலும், தன் பாரத்தைத் தானே தாங்க முடியாத உடம்பு கனக்கும். முற்றத்தில் ஒருமுறை இறக்கிவைத்துத் தூக்கினோம். நிலைப்படியில் அவர் தலை இடிக்காமல் இருக்க அத்தை தன் முழங்கையைக் கொடுத்தார். முழங்கை உரசி ரத்தம் வந்தது. வீட்டுக்குள் நடையில் பாயின் மேல் அவரைக் கிடத்திய நேரத்தில் வெளியே அது எழும்பியது.

நான் அதுவரை ஆர்ப்பரிப்பை உள்ளே இருந்து கேட்டதில்லை. அதில் அல்லேலூயாவும் இருந்தது, அழுகையும் இருந்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன. அத்தை இரண்டு கையாலும் மாமாவின் காதைப் பொத்தினார். அத்தனை குரலிலும் நான் ஒரு குரலைத் தேடினேன். அப்பாவுக்குக் கட்டைக் குரல், ஜெபவீட்டில் எப்போதும் தனியாகக் கேட்கும். அன்று அது கேட்டதா இல்லையா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சுவர் விழவில்லை. அவர்கள் கலைந்து போனார்கள்.

அன்று மதியம் மழை தொடங்கியது. மறுநாளும் விடவில்லை. சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, பின் சுவர் மூலையிலிருந்து நடு வரைக்கும் வெளியே சாய்ந்தது. சாய்ப்பின் ஷீட்டுகள் காலிக் கட்டிலின் மேல் விழுந்து உடைந்தன. நான் குடையோடு ஓடியபோது அத்தை நடையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் நடுவில் ஒரு ஷீட் துண்டு செங்குத்தாக நின்றது. கருவேலங்காட்டுக்கு அப்பால், ஜெபவீட்டுப் பக்கம், யாரோ மணி அடிக்க ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை. கூடம் கொள்ளாத கூட்டம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். இடுப்பு முறிந்த அம்மாவை அதே பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, சாலைப் பக்கக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து, விழுந்த சுவரின் மேலாகவே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் அழுதுகொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தை வீட்டு முற்றம் முழுக்கத் திறந்து கிடந்தது. கொடியில் காய்ந்த மாமாவின் துணிகளைக் கையால் ஒதுக்கிவிட்டு ஆட்கள் நடந்து வந்தார்கள்.

ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள். பிறகு பாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. தேவையும் இல்லை.

"சுவரோட அடி மண்ணை நாமதான் வழிச்சோம்" என்றார். "பாதைக்காக. அதுனாலதான் விழுந்துச்சு. எம் மக முன்னாடியே சொல்லுச்சு, நான் யாருகிட்டயும் சொல்ல விடல. அங்க ஒரு சுகமில்லாத மனுசன் படுத்திருந்தாரு. இதைச் சொல்லாம நான் கர்த்தரோட பந்தியில அப்பம் எடுக்கக் கூடாது."

உட்கார்ந்துவிட்டார். மேலே ஷீட்டில் மழைத் தூறல் விழுவது கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தார். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ, ஒரு பெரியவர், பழக்கத்தில், "ஆமென்" என்றார். இன்னும் சிலர் "ஆமென்" என்றார்கள். கீபோர்டு வாசிக்கிறவர் அதைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு பாட்டை ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா குனிந்து தரையைப் பார்த்தபடி இருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரியாத ஒருவர் வந்து நின்றார். நடுவயது, சுத்தமான வேட்டி, கையில் உறை போட்ட வேதாகமம். மணமேல்குடிப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து வருகிறேன் என்றார்.

"ஒங்க அப்பா சாட்சி நல்லா இருந்துச்சு சிஸ்டர். மறைக்காமச் சொன்னாரு."

தலையசைத்தேன்.

"எங்களுக்கும் இதே மாதிரி ஒரு சுவரு இருக்கு. ரெண்டு தடவை சுத்தியாச்சு. அசையல." குரலைத் தாழ்த்தினார். முகத்தில் கள்ளமே இல்லை, ஆஸ்பத்திரியில் மாத்திரை பற்றிக் கேட்கிறவரைப் போல இருந்தார். "எவ்வளவு ஆழத்துக்கு மண்ணு எடுக்கணும்?"

நான் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். "அந்தச் சுவருக்குப் பின்னால யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"யாரோ இருக்காங்க சிஸ்டர்" என்றார். பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.